ஜன்னல் சீட்டில் ஒரு சிபியு

இங்ஙன உக்காருங்க தம்பி, எம் பக்கத்துல. அந்த ஜன்னல் சீட்டக் கேக்காதீங்க, அதுக்கு ஆள் இருக்கு. ஆமா, அதான். சிபியு. சிரிக்காதீங்க, அதுக்கும் டிக்கெட் எடுத்துருக்கேன். கண்டக்டர் லக்கேஜ்னு சொல்லி மேல தூக்கிப் போடப் பாத்தான். "யோவ், இது என்ன கருவாட்டு மூட்டையா, உள்ள பிராசஸர் இருக்கு, அதிர்ந்து போச்சுன்னா நீரா தருவீரு?"ன்னு கேட்டேன். சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச்சு. பெறகு முழு டிக்கெட்டாக் கிழிச்சு நீட்டுனான். வாங்கிக்கிட்டேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா.

மேல சுத்தியிருக்கது பொன்னாடை. அது வேற கத. சொல்லுதேன்.

நீங்க மதுரையா? கம்ப்யூட்டர் வேலையா? அந்தப் பையப் பாத்தாலே தெரியுதே, உள்ள லேப்டாப்புதான? என்ன பிராசஸர்? எடுத்துக் காட்டுங்க. ஒட்டியிருக்க ஸ்டிக்கர மட்டும் பாத்துட்டுக் குடுத்துருதேன். ம். அப்ப சரி. அதே பேருதான். எம் மவளும் இதத்தான் வச்சிருக்கா. தம்பி, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்காதீங்க, ஒங்கள ஏமாத்திட்டாங்க. அவளையும் ஏமாத்திட்டாங்க.

எம் பேரு ஆவுடையப்பன். ஊருல ஸ்டூடியோக்காரர்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வழி காட்டும். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, ஒண்ணு விடாம வீடியோ எடுக்கது நாந்தான். எடுக்கது நான், மிக்ஸிங் எம் மவ கோமதி. எடுக்கத யாரும் எடுத்துரலாம் தம்பி. அத வெட்டி, ஒட்டி, பொண்ணு குனியுத எடத்துல பாட்டக் கொறச்சு, தாலி கட்டும்போது மேளத்தத் தூக்கி, பாக்கவங்கள அழ வைக்கணும் பாத்தீங்களா, அது அவ. மாப்பிள்ள வீட்டுக்காரன் சண்ட போட்ட கல்யாணத்தக் கூட அவ மிக்ஸிங்ல பாத்தா ரெண்டு குடும்பமும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கும். அப்படிப்பட்ட பிள்ள. இப்ப மதுரையில ஏதோ ஒரு வெட்டிங் கம்பெனியில போய் உக்காந்துருக்கா. எவனோ எடுத்த கல்யாணத்த வெட்டிக்கிட்டு. அந்த லேப்டாப்பக் கட்டிக்கிட்டு.

நான் எதுக்குப் போறேன்னா, அவளக் கூட்டிட்டு வரத்தான் போறேன்.

அவ கூப்பிடல. அவ கேட்டது வேற. நேத்து போன் பண்ணுனா. "அப்பா, சிபியுல நீங்க ஏத்தி வச்ச அந்தக் கல்யாணத்து ஃபுட்டேஜ் பூராம் இருக்குல்லா. அந்த ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டிக் கொண்டாங்க, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கிடுதேன்"ன்னா. மட்டும்! கேட்டீங்களா? ஹார்ட் டிஸ்க்கு மட்டும் போதுமாம். எந்தக் கல்யாணம்னு கேக்கீங்களா, அதத்தான் சொல்ல வாரேன். அந்தக் கல்யாணத்துலதான் எம் மானம் போச்சு. அத அவ ராத்திரி ராத்திரியா உக்காந்து முடிச்சு அவங்களுக்குச் சும்மாவே குடுக்கப் போறாளாம். அவங்க கேக்கவே இல்ல. யாரு கேட்டா? நான் கேட்டனா?

சரி, அதுக்கு எதுக்கு முழுப் பொட்டியும்னு நீங்க கேக்கீங்க. வீட்டுல அவ அம்மையும் இதத்தான் கேட்டா. "அவ கேட்டது டிஸ்க்கு, நீங்க எதுக்குப் பொட்டியத் தூக்குதீங்க"ன்னா. அவளுக்குப் பிராசஸர் பத்தி என்ன தெரியும்? எந் திட்டம் இதுதான். நேரா அவ ரூமுக்குப் போறேன். இத எறக்கி வைக்கேன். மானிட்டர் பக்கத்துல எவன்ட்டயாவது வாங்கிக்கிடலாம். "ஒன் லேப்டாப்ப இதுக்குப் பக்கத்துல வையி"ங்கேன். ஒரே கல்யாணம், ஒரே நீளம், ரெண்டுலயும் ஒரே நேரத்துல ரெண்டர் அமுக்குறது, வெட்டி ஒட்டுனத ஒரே வீடியோவா ஆக்குத வேல அது. எது முந்தி முடிக்கோ அதுதான் சரி. இது முந்துச்சுன்னா அவ வாயத் தொறக்காம துணிமணிய எடுத்துக்கிட்டு எங்கூட பஸ் ஏறணும். நியாயம்தான? அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா நீங்க வராண்டாம்னுருவா.

இது முந்தும் தம்பி. முந்தாம எங்க போவும்? நான் என்ன வெவரம் இல்லாமலா பேசுதேன். அவ இந்த லேப்டாப்ப வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னப்ப நானும் யூடியூப்ல கண்ணு எரியுற வரைக்கும் பாத்தேன். கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணாச்சி, டெஸ்க்டாப்ல இருக்கதும் லேப்டாப்ல இருக்கதும் ஒரே பிராசஸர்தான், பேரப் பாருங்க"ங்கான். பேரப் பாத்தா? எங்க ஊருல தெருவுக்கு நாலு சங்கரலிங்கம். ஒரு சங்கரலிங்கம் நெல்லு மூட்டைய ஒத்த ஆளாத் தூக்கி லாரியில எறியுவான். இன்னொருத்தன் எங்க சித்தப்பா மகன், மாடி ஏறுனா மூச்சு வாங்கும். ரெண்டு பேரும் ஒண்ணா? பேரு ஒண்ணுன்னா ஆளு ஒண்ணாயிருமா? கடைக்காரன்ட்டயே கேட்டேன். அவன் கோமதியப் பாத்துச் சிரிக்கான். அவளும் சிரிக்கா.

"அப்பா, இதுல பத்து கோர் இருக்கு, நம்ம பழைய டெஸ்க்டாப்ல ஆறுதான்"ன்னு எனக்குப் பாடம் எடுத்தா. பத்து இருந்தா? நம்ம அடுக்களை இருக்க இருப்புல பத்து பேர உள்ள விட்டா சோறு பொங்குமா, இடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. எடம் வேணும், காத்து வேணும், கரண்டு வேணும். டெஸ்க்டாப்புல பிராசஸர் மேல இந்தாத் தண்டி ஃபேன் உக்காந்துருக்கு. கேக்கிற கரண்டு கேக்கிறப்ப கெடைக்கும். நாள் பூராம் வேல வாங்குனாலும் மூச்சு வாங்காது. லேப்டாப்புல என்ன இருக்கு? விரல் தண்டிக்கு ஒரு ஃபேன். கொஞ்ச நேரம் பறக்கும், சூடாச்சுன்னா தானா வேகத்தக் கொறச்சுக்கிடும். ஒங்களுதும் அப்படித்தான். இல்லங்கீங்களா? ம், அப்படி வாங்க வழிக்கு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்லுதேன். டெஸ்க்டாப்பு வச்ச எடத்துல இருக்கும். அதுதான் அதுக்குப் பலம். காலைல வந்து ஸ்விட்சப் போட்டா அங்ஙனேயே இருக்கும். நம்பி ஒரு வேலையக் குடுக்கலாம். இந்த லேப்டாப்பு எந்நேரமும் மூடிக்கிட்டுக் கெளம்பத் தயாரா நிக்கும். எங்க வீட்டுல அது வந்ததுல இருந்துதான் இத்தனையும். வந்த அன்னைக்கே அவ அதத் தூக்கிட்டு மொட்ட மாடிக்குப் போயிட்டா. "மிக்ஸிங் பண்ணவாம்மா மாடிக்குப் போற?"ன்னு கேட்டேன். "காத்தாட உக்காந்து பண்ணுதேம்ப்பா, ஸ்டூடியோக்குள்ள மூச்சு முட்டுது"ன்னா. அத்தன வருசமா அதே ஸ்டூடியோவுல எம் பக்கத்துல உக்காந்துதான பண்ணுனா? அப்ப முட்டாத மூச்சு இப்ப முட்டுதாம்.

அவ என்னத்துக்கு லேப்டாப்பு கேட்டான்னா, இப்பப் பூராம் புதுசா ஒண்ணு கெளப்பி விட்டுருக்காங்கல்லா. காலைல தாலி கட்டுறத, சாயங்காலம் ரிசப்ஷன்ல பெரிய ஸ்கிரீன்ல சினிமா மாதிரி ஓட விடணும். அன்னைக்கே எடுத்து அன்னைக்கே காட்டணும். முந்தியெல்லாம் வீடியோ வேணும்னு கேட்டு பொண்ணு மாசமான பெறகுதான் வருவாங்க. அவ்வளவு நேரம் இருக்கும். இப்ப சாயங்காலமே வேணும். அதுக்கு மண்டபத்துலயே உக்காந்து மிக்ஸிங் பண்ணணும். "டெஸ்க்டாப்ப மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போவ முடியுமாப்பா?"ன்னு கேட்டா. "ஏன் முடியாது?"ன்னேன். இந்தா, பஸ்ஸுல மதுரைக்கே கொண்டு போறேன்ல.

அவ கேக்கல. அவ சேத்து வச்சிருந்ததப் போட்டு அவளே வாங்குனா. அது வந்த பெறகு எங்களுக்குக் கெடச்ச மொதப் பெரிய கல்யாணம், ஒரு மில் மொதலாளி வீட்டுக் கல்யாணம். பேரு வேண்டாம். சாயங்கால ரிசப்ஷனுக்கு வீடியோ ஓடியே ஆகணும்னு பேசித்தான் எங்களக் கூப்பிட்டாங்க. ஒத்துக்கிட்டு வந்தது அவ.

காலைல எல்லாம் நல்லாத்தான் போச்சு. தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணோட அப்பா மைக்கப் பிடிச்சாரு. சமையல்காரருக்கு ஒரு பொன்னாடை, மேளக்காரருக்கு ஒரு பொன்னாடை. நான் கேமராவுல எடுத்துக்கிட்டு நிக்கேன். திடீர்னு, "நம்ம வீடியோகிராஃபர் ஆவுடையப்பன் அண்ணாச்சி மேடைக்கு வரணும்"ங்காரு. தம்பி, நான் எத்தன ஆயிரம் பொன்னாடை எடுத்துருப்பேன் தெரியுமா? எல்லாம் அடுத்தவன் தோள்ல. எந் தோள்ல ஒண்ணு விழுந்ததில்ல. அன்னைக்குத்தான் விழுந்துச்சு. கேமராவ யாரு பிடிச்சான்னு பாத்தீங்கன்னா, கோமதி. அவதான் அத எடுத்தா. எடுக்கும்போது அவ கண்ணு... அத விடுங்க.

மத்தியானம் பொண்ணு ரூமுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூமு குடுத்தாங்க. அங்ஙன உக்காந்து அவ கடகடன்னு மிக்ஸிங்க முடிச்சிட்டா. அத நான் கொற சொல்ல மாட்டேன். முடிச்சு ரெண்டரப் போட்டுட்டு, "அப்பா, இது ஓடி முடிக்கட்டும். நான் போய் ஸ்கிரீன்காரங்ககிட்ட வயரெல்லாம் சரியான்னு பாத்துட்டு வாரேன். இதப் பாத்துக்கோங்க"ன்னு எங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனா. பாத்துக்கிட்டேன் தம்பி. கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டேன். அந்த எழவுல எவ்வளவு முடிஞ்சதுன்னு காட்டுத கோடு பாதிதான் ஓடியிருக்கு, அதுக்கு மேல ஆமை மாதிரி நகருது.

இத்தனைக்கும் நான் அதுக்கு ஒரு கொறையும் வைக்கல. மண்டபம்னா ஒங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ள பன்னீரத் தெளிச்சிக்கிட்டு ஓடுது, ஒருத்தன் ஜிகினாவ ஊதுதான், ஜூஸக் கொண்டாந்து மேல ஊத்தப் பாக்கான். ஸ்டூடியோவுல நம்ம சிபியுக்கு நான் எப்பவும் ஒரு துணி போத்தி வைப்பேன், ராத்திரி அடைக்கும்போது. அந்தப் பழக்கம். இங்ஙன துணிக்கு எங்க போக? எந் தோள்ல கெடந்த பொன்னாடைய எடுத்து அது மேல போத்துனேன். கீழயும் ஒரு சுத்து சுத்தி, தூசு அண்டாமப் பொதிஞ்சு வச்சேன். எனக்குக் கெடச்ச மரியாதைய அதுக்குக் குடுத்தேன் தம்பி. இதுக்கு மேல ஒருத்தன் என்ன செய்யணும்?

அப்பப் பாத்து அலங்காரம் பண்ணுத பொண்ணு வந்துச்சு. பொண்ணு ரூமுல பிளக்குப் பாயிண்ட் எல்லாம் நெறஞ்சிருச்சாம், முடி சுருட்டுத மெஷின் போடணுமாம். அந்த ரூமுல இருக்கது ஒரே பாயிண்டு. "அண்ணே, கொஞ்ச நேரம்"ன்னுச்சு. "தாராளமா எடுத்துக்கோம்மா, இது லேப்டாப்பு, பேட்டரியில ஓடும்"ன்னு நானே சார்ஜரப் பிடுங்கிப் பாயிண்டக் குடுத்தேன். அப்படித்தான வித்தான் அந்தக் கடைக்காரன்? கரண்டு இல்லாம ஓடும்னுதான? ஓடட்டும்னு விட்டேன்.

கோமதி திரும்பி வந்தா. வந்து பாத்தா. வயரப் பாத்தா. பெறகு அந்தப் பொன்னாடை மேல கைய வச்சா, எடுக்கப் போற மாதிரி. "இருக்கட்டும்மா, எனக்குப் போத்துனது, அதுக்குப் போத்தியிருக்கேன்"னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னேன். அவ கைய எடுத்துட்டா. பெறகு அந்த அலங்காரக்காரியத் தேடிக்கிட்டு ஓடுனா, பாயிண்டு கேக்க. அதுக்குள்ள இங்ஙன எங் கண்ணு முன்னாலயே பொட்டுன்னு அணைஞ்சு போச்சு. முழுசா அணைஞ்சு போச்சு. தொட்டுப் பாத்தா தோசக்கல்லு.

வெளிய ரிசப்ஷன் ஆரம்பிச்சிட்டாங்க. பொண்ணோட அப்பா மறுபடியும் மைக்கப் பிடிச்சு, "இப்ப எல்லாரும் ஸ்கிரீனப் பாருங்க"ங்காரு. எல்லாரும் பாக்காங்க. ஒண்ணும் இல்ல. ஸ்கிரீன்காரப் பய பதறிப் போய் அவங்கிட்ட இருந்த எதையோ எடுத்துப் போட்டான். என்ன தெரியுமா? காதுகுத்து. வேற எவனோ வீட்டுக் காதுகுத்து. மாப்பிள்ளையும் பொண்ணும் மாலையோட மேடையில நிக்காங்க, அவங்க தலைக்கு மேல எவன் பிள்ளையோ தாய்மாமன் மடியில உக்காந்து அலறுது. சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கு. மாப்பிள்ள வீட்டுக்காரன் எந்திச்சிட்டான். மில் மொதலாளி என்னையப் பாத்த பார்வ இருக்குல்லா, காலைல பொன்னாடை போத்துன அதே மனுசன்தான்.

எனக்குத் தாங்கல. அந்த எடத்துலயே கோமதியப் பிடிச்சு சத்தம் போட்டுட்டேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, லேப்டாப்புப் பிராசஸர நம்பாதன்னு. வெளையாட்டுச் சாமான வச்சிக்கிட்டு எம் பேரக் கெடுத்திட்டியே"ன்னு கத்துதேன். பந்தியில எல எடுக்க ஆளு கூட நின்னு பாக்கான். அவ ரூமுக்குள்ள போயி, அந்தப் பொன்னாடைய எடுத்து, மடிப்புக் கலையாம மடிச்சு எங் கையில குடுத்தா. குடுத்துட்டு லேப்டாப்பப் பையில போட்டா. அவ்வளவுதான். ஒரு வாரத்துல மதுரைக்குப் போயிட்டா. தப்பு அந்த மெஷின்மேல. கோவம் எம் மேல. எப்படி இருக்கு?

என்ன தம்பி, ஒரு மாதிரி பாக்கீங்க? சொல்லுங்க, நீங்க கம்ப்யூட்டர் வேல பாக்க ஆளுதான. நான் சொன்னதுல ஏதாவது தப்பிருக்கா? டெஸ்க்டாப்பு முந்துமா, முந்தாதா?

முந்தும்ல. அப்படிச் சொல்லுங்க. தொடந்தாப்புல வேல வாங்குனா டெஸ்க்டாப்புதான். எனக்குத் தெரியும். ம். ஆனா? ஆனா என்ன?

இருங்க, இருங்க. சார்ஜரப் பிடுங்குனா என்ன ஆகும்? தானா வேகத்தக் கொறச்சுக்கிடுமா? பேட்டரியில போடும்போதேவா? எவ்வளவு கொறைக்கும்? அவ்வளவா? அப்ப எதுக்கு அந்தப் பேட்டரி? லெட்டர் அடிக்கவும் படம் பாக்கவுமா? நல்லாருக்கே நியாயம். இத அந்தக் கடைக்காரன் சொல்லலையே.

சரி, துணி? அது பட்டு மாதிரி லேசான துணி தம்பி. இந்தா, தொட்டுப் பாருங்க. கனமே இல்ல. கீழ ஓட்டையா? ஒங்களுதத் திருப்பிக் காட்டுங்க. ம். காத்து இது வழியாத்தான் உள்ள போவுமா. வெளிய இந்தப் பக்கமா. அப்ப நான் சுத்துனது... சரி. ரெண்டையும் சுத்துனேன். தூசுக்காகத்தான சுத்துனேன்? எவனாவது கெடுக்கணும்னா சுத்துவான்?

இது... கோமதிக்குத் தெரியுமா தம்பி? இந்த பேட்டரிக் கதையும் ஓட்டைக் கதையும்?

தெரியாம இருக்குமா. அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கு அந்தச் சாமான்ல. வந்த ஒடனே வயரத்தான மொதப் பாத்தா. பெறகு துணி மேலதான கைய வச்சா. வச்சவ எடுத்துப் போட வேண்டியதுதான? நான் ஆயிரம் சொல்லுவேன். "அப்பா, இத எடுங்க, சூடாவுது"ன்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? பெறகு நான் அவ்வளவு கூட்டத்துல கத்துதேன், அப்பவாவது சொல்லலாம்ல? "நீங்கதாம்ப்பா பிடுங்குனீங்க, நீங்கதாம்ப்பா பொதிஞ்சீங்க"ன்னு. ஒரு வார்த்த! அத்தன பேரு முன்னால சொல்லிருந்தா எம் வாய் தானா அடைஞ்சிருக்கும்ல. சொல்லல. மடிச்சுக் கையில குடுக்கா. என்ன பிள்ள தம்பி இது? யாரு இப்படி வளத்தா இவள?

கோவமா வருது எனக்கு. எரிச்சலா வருது.

இது எந்த ஊரு? திருமங்கலமா? அதுக்குள்ளயா வந்திருச்சு? தம்பி, அந்த முடிச்சக் கொஞ்சம் அவுத்து விடுங்க. ஆமா, பொன்னாடையத்தான். பஸ்ஸு குலுக்குல எனக்கு அவுக்க வரல. ஓடாத மெஷினுக்கு எதுக்குக் காத்துன்னு கேக்காதீங்க. அவுங்க. ம். அப்படியே கெடக்கட்டும்.

பின்பக்கம் நாலு ஸ்க்ரூதான். கையால திருகுத மாதிரிதான் இருக்கும், நான் அடிக்கடி தொறக்கதால. இந்தப் பலகைய நகத்துனா உள்ள ஓரத்துல இருக்கும் பாருங்க, அந்தா, அதான் ஹார்ட் டிஸ்க்கு. நான் பிடிச்சிக்கிடுதேன், நீங்க வயர மட்டும் மெதுவா உருவுங்க. எல்லாக் கல்யாணமும் இதுக்குள்ளதான் கெடக்கு. பைய. ம், வந்துருச்சு. இவ்வளவு தூரம் இந்தா சைஸு சாமானுக்கு ஒரு முழு டிக்கெட்டு.

தம்பி, ஒரே ஒரு ஒதவி. மாட்டுத்தாவணியில அவ வந்து நிப்பா, மஞ்சத் துப்பட்டா போட்டிருப்பேன்னு சொன்னா. நான் எறங்கிப் போய் இத அவ கையில குடுத்துட்டு, ஒரு டீ குடிச்சிட்டு அனுப்பி வச்சிருதேன். அந்த நேரம் மட்டும் நீங்க இந்தப் பொட்டியையும் பொன்னாடையையும் வச்சிக்கிட்டுக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நிக்கீங்களா? அவ கண்ணுல இது படக் கூடாது. அவ ஹார்ட் டிஸ்க்கு மட்டும்தான் கேட்டா.